மதியம் போட்ட கலவை

ஒரத்தநாடு பக்கம் ஒரு வாய்க்காலில் மதகு கட்டிக்கொண்டிருந்தோம். நான் கான்ட்ராக்டரின் இன்ஜினியர். மேற்பார்வைக்கு வந்த அரசு இன்ஜினியர் பெனாசிர், என்னோடு கல்லூரியில் படித்தவள்.

கான்கிரீட் போடும்போது அதே கலவையை இரும்பு அச்சில் கியூப்பாக வார்த்து, உறுதியைச் சோதிக்க அனுப்பவேண்டும். அந்தக் கியூப்புக்கு மட்டும் சிமெண்டைத் தூக்கலாகப் போடுவது எங்கள் வழக்கம். கியூப் பாஸாகிவிடும். மதகு எப்படியோ. பெனாசிருக்கும் இது தெரியும்.

அன்று மதியம் அச்சுகளை என்னிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

"நீ நிக்கலையா?" என்றேன்.

"நான் நின்னா எனக்காக ஒழுங்காப் போடுவ. நான் இல்லாதப்ப எப்படிப் போடுவ?"

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமுல்ல."

ஜீப் போனதும், வேலை சுலபமாகட்டும் என்று கலவையில் யாரோ கூடுதலாக ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் கூடினால் கான்கிரீட்டின் உறுதி குறையும்; ஆனாலும் தினமும் நடப்பதுதான். நான் கைநிறைய சிமெண்டுடன், இவன் என்ன செய்யப்போகிறான் என்று வேறு யாரையோ வேடிக்கை பார்ப்பதுபோல் நின்றேன்.

பிறகு சிமெண்டை மூட்டையிலேயே போட்டேன். "அந்தத் தண்ணிக் கலவையை வெளிய கொட்டிடுங்கண்ணே. வேற கலவை போடுங்க" என்று கலவை போடுபவரிடம் சொன்னேன். மதகுக்குப் போன அந்தப் புதுக் கலவையைத்தான் அச்சுகளிலும் நிரப்பினேன்.

என்ன செய்தாய் என்று பெனாசிர் கேட்கவேயில்லை. அதற்குமுன் நான் கட்டிய மதகுகளைக் கடக்கும்போது மட்டும், இப்போதெல்லாம் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்கிறேன்.