சின்னவள் கடையில் போட்ட நாய்

மருந்துக்கடைக்கு மேலே, மாடிப்படி ஏறியதும் வலப்பக்கம் பெரியவளின் டாட்டூ கடை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் சின்னவளின் டாட்டூ கடை. இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். பெரியவள் அண்ணன் மனைவி, சின்னவள் தம்பி மனைவி. எதிர்க்கடையின் கண்ணாடிக் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் பெரியவளுக்கு வயிறு எரியும். பொறாமையா என்று கேட்டால் அடிக்க வருவாள். பொறாமைதான், கலப்படமே இல்லாத பொறாமை.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் காதலி பெயரும் அம்பு துளைத்த இதயமும்தான் ஓடின. பிறகு கையைச் சுற்றிக் கறுப்புப் பட்டை வந்தது. அப்புறம் முதுகு நிறைய டிராகன். அங்கேயே அவள் நின்றுவிட்டாள். டிராகனில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. செதில் செதிலாக நிழல் கொடுப்பாள். ஆனால் காலம் மாறி, மயிரிழைக் கோட்டில் ஓர் இலை, மணிக்கட்டில் குட்டி அலை என்று கேட்டு வந்தார்கள்.

"இத்தனூண்டு படத்துக்கு மெஷினை எடுக்கணுமா? தோள்ல கழுகு போட்டுக்கோ, எடுப்பா இருக்கும்" என்பாள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர்கள் போனவர்கள்தான்.

சின்னவள் அப்போது இதே கடையில் வாசல் மேஜையில் உட்கார்ந்து போன் எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போகிறவர்கள் செருப்பை மாட்டும்போது முணுமுணுத்ததெல்லாம் அவள் காதில்தான் விழுந்தது. வேறு எங்கோ தொழில் கற்றுக்கொண்டு எதிரிலேயே கடை போட்டாள். பெரியவள் குத்தி முடித்த கையோடு, தோல் சிவந்து வீங்கியிருக்கும்போதே படம் எடுத்து இணையத்தில் போடுவாள். சின்னவளோ புண் ஆறும்வரை பொறுத்து, ஆளைத் திரும்ப வரவழைத்து எடுப்பாள். பார்ப்பவர்களுக்குப் பயமே வராது. பெரியவள் பெயர்ப்பலகையைப் பெரிதாக்கினாள், விலையைக் குறைத்தாள், ஒன்றும் எடுபடவில்லை.

கடைசியில் தன் கணவனையே உளவு பார்க்க அனுப்பினாள். "ஒரு புள்ளி வெச்சுக்கிட்டு வந்தா போதும். என்ன ஊசி, என்ன மைன்னு பாத்துட்டு வாங்க."

ஊசி என்றாலே ஊரைக் கூட்டுகிற மனுஷன் அவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவியின் கைக்கு ஒரு தடவைகூடத் தோலைக் காட்டியதில்லை. எதிர்க்கடையிலிருந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். முன்கையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நாய்.

பெரியவள் விளக்கை இழுத்து, பூதக்கண்ணாடியை வைத்துக் குற்றம் தேடினாள். ஒரு கோடாவது நடுங்கியிருக்கக் கூடாதா? பாவி, சுத்தமாகப் போட்டிருந்தாள்.

"என்ன நாய் இது?"

"சின்ன வயசுல நான் வளத்தது. ஒரு காது மடிஞ்சே இருக்கும். லாரில அடிபட்டுப் போச்சு."

"என்கிட்ட சொன்னதே இல்லையே!"

"அவ கேட்டா, சொன்னேன். உடம்புல கடைசிவரைக்கும் எதை வெச்சுக்கத் தோணுதுன்னு கேட்டா. அப்புறம் அவ வாயே திறக்கலை, நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன்."

"ஊசி? மை?"

"அட, பாக்க மறந்துட்டேன்."

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வாடிக்கையாளர்கள் போனதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. தன் புருஷன் மனசில் இத்தனை காலம் படுத்துக் கிடந்த நாயை இன்னொருத்தி ஒரே தடவையில் வெளியே கூட்டிவந்துவிட்டாள்.

வீம்பை விழுங்கிக்கொண்டு, தொழில் தொடங்கியதிலிருந்து யாரிடமும் கேட்காததை அவரிடம் கேட்டாள். "வேற என்ன போட்டுக்கணும்னு ஆசை உங்களுக்கு?"

அவர் வெட்கப்பட்டார். "உன் முகம்தான். சிரிக்கிற மாதிரி, நெஞ்சுக்கிட்ட."

பெரியவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரமாகக் கையுறையைத் தேடினாள். "உக்காருங்க, இப்பவே போட்டுவிடறேன்."

"இல்லைம்மா, அவகிட்டயே சொல்லிட்டேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கா." அவர் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார். "நீ போட்டா முதுகு முழுக்கப் போட்டுடுவே."