ஜானுவுக்கு இரண்டு நட்சத்திரம்

ஜானுவைப் போல ஒரு கிறுக்கியை நான் பார்த்ததில்லை. கேன்டீன் சாம்பாரில் உப்பு குறைந்தால் மாஸ்டரிடமே போய்ச் சொல்லிவிட்டு வருவாள். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. 1996இல் அவளோடு கடைசி வருட ப்ராஜெக்டில் ஜோடி சேர்ந்தது என் தலையெழுத்து.

எல்லாரும் நூலகம், சம்பளப் பட்டியல் என்று எடுத்தபோது இவள் மட்டும், "ஜாதகப் பொருத்தம் பண்ணலாம்டி வஜீஹா" என்றாள். பிறந்த தேதியும் நேரமும் கொடுத்தால் கம்ப்யூட்டரே நட்சத்திரத்தைக் கணக்கிட்டு, பத்துப் பொருத்தமும் பார்த்துச் சொல்லவேண்டும். யா அல்லா! ராயப்பேட்டை வஜீஹாவுக்கு ரஜ்ஜு என்றால் என்னவென்று தெரியுமா? ஒன்றும் புரியாமலேயே பாதி ப்ரோக்ராமை நான்தான் அடித்தேன்.

அந்த ஜனவரியில் மயிலாப்பூர் வீட்டுக்கு ஸ்ரீவத்சன் என்பவர் அவளைப் பெண் பார்க்க வந்தார். பாடத் தெரியுமா என்று கேட்கவில்லையாம். எந்தக் கம்ப்யூட்டர் மொழி என்று, "ப்ராஜெக்ட் சி-லயா, பாக்ஸ்ப்ரோலயா?" என்று கேட்டாராம். அவ்வளவுதான், இவள் ஆள் அவுட். ஜோசியர் ஏற்கெனவே பொருத்தம் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்ததால், வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

மார்ச்சில் ப்ரோக்ராம் ஓடியது. ஆசையாகத் தன் விவரத்தையும் அவருடையதையும் போட்டுப் பார்த்தாள். திரையில் "ரஜ்ஜு: நோ" என்று வந்தது.

"அப்படின்னா இன்னாடி?" என்றேன்.

"அவருக்கு ஆகாதுன்னு அர்த்தம். உயிருக்கு." அவள் அதே தேதிகளை மறுபடி அடித்தாள்.

"அட போடி! ப்ரோக்ராம்லதான் எங்கியோ தப்பு கீது."

பத்து நாள் அவள் அதே இரண்டு தேதிகளை அடித்து அடித்துப் பார்க்க, நான் வரி வரியாகத் தேடினேன். தப்பு இருந்தால் ப்ராஜெக்ட் ஊத்திக்கொள்ளும். இல்லாவிட்டால் கல்யாணம் ஊத்திக்கொள்ளும். எதற்கென்று துஆ கேட்பது? தப்பு கிடைக்கவே இல்லை.

கடைசியில் அவள் ஜாதகத்தையே எடுத்துப் பார்த்தோம். அதில் ரோகிணி என்று இருந்தது. எங்கள் ப்ரோக்ராமோ மிருகசீரிஷம் என்றது. அவள் அப்பா வேம்பு மாமா சிரித்தார். "நாம வாக்கியப் பஞ்சாங்கம். உங்க ஃபார்முலா திருக்கணிதம், அது வேற கணக்கு. ஒரு நட்சத்திரம் முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்கற நேரத்துல நீ பொறந்துட்டே. ரோகிணின்னா ரஜ்ஜு பொருந்திடும். இதைப் போய் ஊரெல்லாம் சொல்லிண்டு இருக்காதே."

"ரெண்டுல எதுப்பா சரி?"

"நம்மாத்துல எது வழக்கமோ அதுதான்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவளுக்கு இல்லை. "ஆபத்து அவருக்குன்னா அவர்கிட்ட சொல்லாம எப்படிடீ?" கெஞ்சினேன், திட்டினேன். கேட்டால்தானே! இரண்டு கணக்கையும் அச்சடித்த தாளோடு என்னையும் 12பி பஸ்ஸில் ஏற்றி, தி.நகரில் அவர் ஆபீஸ் வாசலுக்கே போய்விட்டாள். ஒன்று விடாமல் சொன்னாள்.

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

அவர் சொல்லவே இல்லை. தரகர்தான் வந்து, "அவா வேண்டாம்னுட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். ப்ரோக்ராம் இருந்த ஃப்ளாப்பியை அடையாறில் வீசிவிடலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. யாரைத் திட்டுவது? அவரையா, பஞ்சாங்கத்தையா, ப்ரோக்ராமில் பாதியை அடித்த என்னையா? இன்றுவரை தெரியவில்லை.

ஏப்ரலில் வைவா. வெளிக் கல்லூரியிலிருந்து வந்த எக்ஸாமினர், "ஏதாவது ஒரு பொண்ணு, பையன் டேட்டா கொடும்மா" என்றார். ஜானு கீபோர்டில் கை வைத்தாள். நூறு தடவையாவது அடித்த தேதிகள். அவள் யோசிக்கவே இல்லை, விரல்கள் முதலில் அவளுடையதை அடித்தன, பிறகு அவருடையதை. நான் கையைப் பிடிப்பதற்குள் என்டரைத் தட்டிவிட்டாள்.

ரஜ்ஜு: நோ.

"அட, கரெக்டா வேலை செய்யுதே! வெரி குட்" என்று எக்ஸாமினர் மார்க் போட்டார்.

"தேங்க்ஸ் சார்" என்றாள் ஜானு, திரையைப் பார்த்தபடியே.