முருகனுக்குக் கொடுத்த அட்வான்ஸ்

எங்கள் லேத் பட்டறையில் அட்வான்ஸ் வாங்காமல் ஒரு வேலையும் ஏறாது. சரவணம்பட்டியில் பட்டறை வைத்த நாளிலிருந்து கணக்கு பார்ப்பவள் நான்தான். முன்பணம் கை மாறினால்தான் இரண்டு பக்கமும் வேலை ஞாபகத்தில் இருக்கும் என்பது என் கட்சி. அந்தப் புத்தியோடுதான் பழனிக்கும் போனேன்.

அப்பா வெள்ளாமை செய்த காட்டை விற்றபோது என் பங்காக வந்த பணத்தை ஒரு கிரிப்டோ ஆப்பில் போட்டு வைத்திருந்தேன். நன்றாக ஏறிக்கொண்டிருந்த ஆப் ஒரு நாள் பணம் எடுக்கும் வழியை மூடிவிட்டது. மெயில் போட்டேன், புகார் கொடுத்தேன், வாயில் வந்தபடி திட்டியும் எழுதினேன். பதிலே இல்லை. பணம் வந்தால் முடி இறக்குகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். காரியம் முடிந்த பிறகு முடி கொடுப்பதுதான் வழக்கம். எனக்குப் பொறுக்கவில்லை. முதலிலேயே கொடுத்துவிட்டால் அவருக்கும் ஒரு கடமை வந்துவிடும் என்று நினைத்தேன்.

"பூ முடி குடுத்தாப் போதாதா அம்மணி? ரெண்டு இணுக்கு வெட்டிக் குடுத்துப்போட்டு வரலாம்ல?" என்றார் என் வீட்டுக்காரர்.

"குடுக்கறதை முழுசாக் குடுக்கோணும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு வரை இருந்த முடி. சந்தனம் பூசிக்கொண்டு பொள்ளாச்சி வழியாகப் பஸ்ஸில் திரும்பும்போது மனுஷன் சிரித்துக்கொண்டே வந்தார். முருகனுக்கே அட்வான்ஸ் கொடுத்தவள் ஊரிலேயே நான் ஒருத்திதானாம்.

முருகன் ஏமாற்றவில்லை. அந்த வாரமே மெயில் வந்தது. புகார் செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். ஆனால் கணக்கு வைத்திருப்பவர் தாம்தான் என்று மாதக் கடைசிக்குள் நிரூபிக்க வேண்டும். செல்போனைப் பார்த்து நிற்க வேண்டும், கண்ணைச் சிமிட்ட வேண்டும், இடமும் வலமும் திரும்ப வேண்டும். கணக்கு தொடங்கியபோது எடுத்த போட்டோவோடு மிஷின் ஒப்பிட்டுப் பார்க்கும்.

அந்தப் போட்டோவில் நான் தலை நிறைய மல்லிகைப்பூவோடு இருக்கிறேன்.

கண்ணாடி முன்னால் போய் நின்று பார்த்தேன். முடி போனதும் காது இரண்டும் பெரிதாகி, நெற்றி ஏறி, முகமே வேறாகக் கிடந்தது. எனக்கே அடையாளம் தெரியாத முகத்தை மிஷின் எங்கே கண்டுபிடிக்கும்? முக்காடு போட்டு நின்றேன். தலையை மறைக்கக் கூடாது என்றது. சவுரி வைக்கலாம் என்றால் அதைப் பின்னுவதற்குத் தலையில் பிடிமானம் வேண்டுமே. கடைசியில் மொட்டைத் தலையோடு நின்று கண்ணைச் சிமிட்டினேன். முகம் பொருந்தவில்லை என்று வந்தது. ஜன்னல் பக்கம் போய் நின்றேன், பொட்டைப் பெரிதாக வைத்தேன், மறுபடியும் பொருந்தவில்லை. மூன்றாவது தடவை, வேறு யாரோ இந்தக் கணக்கை இயக்குவதாகச் சந்தேகம் என்று சொல்லிப் பூட்டியே விட்டது.

என் பணத்தை நானே திருட வந்திருக்கிறேனாம். செல்போனைத் தூக்கி எறியக் கை ஓங்கிவிட்டேன். வீட்டுக்காரர்தான் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

வாடிக்கையாளர் சேவையில் கெஞ்சிக் கேட்ட பிறகு ஓர் அதிகாரி வீடியோவில் வந்தாள். சின்ன வயது, சென்னைப் பேச்சு, மரியாதையான பெண். பழனி, வேண்டுதல் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"புரியுதும்மா. ஆனா முகம் மேட்ச் ஆகலைன்னா உங்களைத் தெரிஞ்சவங்க ஒருத்தர் உங்க பக்கத்துல உக்காந்து வீடியோல உறுதி சொல்லணும்."

"இதா இருக்கறாருங்களே என்ற ஊட்டுக்காரர்."

"அவர் நாமினிம்மா. பணத்துல சம்பந்தம் இருக்கறவங்க சொல்லக் கூடாது. கூடப்பிறந்தவங்க யாராவது இருந்தா நல்லது. ரெண்டு பேர் பான் கார்டுலயும் ஒரே அப்பா பேர் இருக்கும்ல?"

எனக்குக் கூடப்பிறந்தவன் தம்பி ஒருத்தன்தான். வெள்ளகோவிலில் இருக்கிறான். அவனும் நானும் பேசி இரண்டு வருடமாகிறது.

காட்டை விற்றபோது எனக்குப் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போடச் சொன்னான். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் பேசாமல் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நான் போடவில்லை. எனக்கும் அவர்தானே அப்பா என்று சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டேன். பணத்தை என் பேங்க் கணக்கில் அனுப்பிவிட்டு, "பங்கு வாங்கீட்டீங்கல்ல, இனிப் பொறந்த ஊடு எதுக்கு?" என்றான். அதோடு சீர் நின்றது, போன் நின்றது. அவன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதைக்கூட யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

தம்பியை இழந்து வாங்கிய பணம். அதுவும் போய்விட்டால் என் கையில் என்ன இருக்கும்? அதைக் காப்பாற்ற அவனிடமே போய் நிற்க வேண்டும். அந்தப் பணத்தை இந்த லட்சணத்தில்தான் வைத்திருக்கிறேன் என்று அவன் வாயால் கேட்பதற்குப் பதில் பணமே போகட்டும் என்று ஒரு பொழுது முழுக்கச் சும்மா இருந்தேன். கடைசித் தேதி நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை.

"கேக்கறதுல என்ன போச்சு? மிஞ்சிப் போனா முடியாதும்பான்" என்றார் வீட்டுக்காரர்.

அவன் முடியாது என்பதுதான் எனக்குப் பயம். இவருக்கு அது எங்கே புரிகிறது?

போன் செய்தேன். "கண்ணு, அக்கா பேசறேன்" என்றேன். அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம் மட்டும் கேட்டது. இனிமேல் வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மொட்டை அடித்ததை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. முகம் சரியாகத் தெரியவில்லையாம் என்று மழுப்பிவிட்டேன். "ம்" என்றான். எந்த நாள், எத்தனை மணி என்று கேட்டான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டான்.

அந்த நாள் காலையில் நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தே ஓய்ந்து போனேன். பெல் அடித்ததும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். தலையை மறந்தே போனேன்.

தம்பி என்னைப் பார்த்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். முகம் வெளுத்துவிட்டது. "மச்சான் எங்கெ?" என்றான். உள்ளே இருந்து என் வீட்டுக்காரர் தண்ணீர்ச் சொம்போடு, "வா மாப்ள, பஸ்ஸுல கூட்டமா?" என்று வந்த பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது. சொம்பை வாங்கி முழுவதும் குடித்தான்.

"பழனிக்குக் குடுத்தேன்" என்றேன்.

"போன்ல சொல்றதுக்கென்ன?" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த அதிகாரிப் பெண் வீடியோவில் வந்தாள். இருவரின் பான் கார்டுகளையும் காட்டச் சொல்லி அப்பா பெயரைப் பார்த்துக்கொண்டாள். பிறகு தம்பியிடம் கேட்டாள்.

"பக்கத்துல இருக்கறவங்களை நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சார். இவங்க யாரு?"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் நேராகப் பார்த்தான். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. சொல்வதற்கு அவனிடம் காரணமும் இருந்தது.

"என்ற அக்காளுங்க" என்றான்.

"போட்டோல வேற மாதிரி இருக்காங்களே. உறுதியாச் சொல்றீங்களா?"

"போட்டோவுல முடி இருக்குதுங்க, அவ்வளவுதான்."

"எவ்வளவு நாளா இவங்களைத் தெரியும்?"

"நான் பொறந்ததுலிருந்து தெரியுமுங்க."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எதையோ டைப் செய்தாள். "கடைசியா எப்போ நேர்ல பார்த்தீங்க?"

பார்த்து நாளாகிவிட்டது என்றால் இதையும் தள்ளிவிடுவார்களோ? போன மாதம் பார்த்தேன் என்று சொல்லேண்டா என்று மனதுக்குள் அரற்றினேன். அவனுக்குப் பொய் வராது, சின்ன வயதிலிருந்தே வராது.

"ரெண்டு வருசமாச்சுங்க."

"ஏன் சார்?"

"காடு வித்ததுல எங்களுக்குள்ள மனஸ்தாபமுங்க. பேச்சுவார்த்தை இல்லீங்க. நீங்க புடிச்சு வெச்சிருக்கறது அந்தக் காட்டுப் பணந்தானுங்க. நாந்தான் இவங்க பேங்குக்கு அனுப்புனேன், வேணும்னா பாத்துக்கங்க." என் பக்கம் கையைக் காட்டினான். "பொய் சொல்லோணும்னா இவங்களைத் தெரியாதுன்னுதானுங்க சொல்லியிருப்பேன்."

அந்தப் பெண் அதையும் குறித்துக்கொண்டாள். பிறகு, "சரி சார், போதும்" என்றாள். அன்று மாலை அடையாளம் உறுதி செய்யப்பட்டதாக மெயில் வந்தது. அது வருவதற்குள் தம்பி கிளம்பிவிட்டான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். இலை போட்டும் வைத்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான். செருப்பை மாட்டும்போது மட்டும், "வந்துச்சுன்னா ஒரு போன் பண்ணு" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

பணம் வருவதற்குள் இன்னும் கொஞ்ச நாள் போனது. அதுவரைக்கும் செல்போன் சத்தம் போட்ட போதெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. பிடித்தம் போக வந்து சேர்ந்தது. வீட்டுக்காரர் பட்டறையில் இருந்தார். அவருக்குச் சொல்வதற்கு முன்னால் தம்பிக்குத்தான் போன் செய்தேன்.

"வந்துருச்சு கண்ணு."

எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை. அதை வைத்து ஏதாவது குத்திக் காட்டுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"முடி எந்தளவுக்கு வந்துருக்குது?" என்றான்.

தலையைத் தடவி விரலை வைத்து அளந்தேன். "ஒரு வெரக்கடை இருக்கும். ஏன்?"

"பாப்பாவுக்குத் தையில கல்யாணம். அத்தக்காரி வந்து நிக்கோணுமல்ல. பூ வெக்கறதுக்குப் பத்துமான்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

செல்போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்காரர் சாப்பிட வந்தபோது பணம் வந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன்.