பல்லக்காவின் புது செட்

பல்லக்கா என்ற பெயர் அவளுக்குக் கார்டுக் கடையில்தான் வந்தது. புதிதாக வந்த ஒருவர் அதைப் பல்லக்கு என்று கேட்டுவிட்டு, இவ்வளவு சாதாரணமாக இருக்கிறவருக்கு எதற்கு இப்படியொரு பட்டம் என்று நெடுநாள் குழம்பினாராம். விஷயம் அவ்வளவு பெரிதல்ல. அவள் பல் செட் செய்கிறவள். மருத்துவர் அளவெடுத்து அனுப்புவார். இவள் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, மெழுகும் பிளாஸ்டருமாக, முகம் தெரியாதவர்களுக்கு வாய் செய்துகொடுப்பாள். தெருவில் யாராவது சிரித்தால் முதலில் பல்லைப் பார்ப்பாள். ஆளைப் பார்ப்பது அதற்குப் பிறகு, நேரம் இருந்தால்.

கார்டுக் கடைக்காரர் வண்டியிலிருந்து விழுந்து முன்பற்களை உடைத்துக்கொண்டார். புதுப் பற்களின் நிறம் பழசோடு சேரவில்லை என்று திருப்பித் திருப்பி அனுப்பினார். கடைசியில், அவர் கடை வெளிச்சத்திலேயே பார்த்துவிடலாம் என்று பல்லக்கா நிற மாதிரிகளைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். டயர் கடைக்கு மேலே மாடியில் நீளமான அறை. வளர்ந்த மனிதர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, மிருகமும் மந்திரவாதியும் வரைந்த கார்டுகளை வைத்துச் சத்தமில்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் வரும்வரை அவள் ஒரு ஆட்டத்தைப் பார்த்தாள்.

"கையில அந்தச் சுவர் கார்டு இருக்கே, அத ஏன் கீழ வைக்கல?" என்று கேட்டாள்.

ஆடிக்கொண்டிருந்த கூரியர்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அத வச்சா ஆட்டம் முடியவே முடியாதுக்கா."

அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த கார்டுகளைப் பொறுக்கிச் சொந்தமாக ஒரு டெக் கட்டிக்கொண்டு வர வேண்டும். எதிராளியை அடித்து வீழ்த்தினால் வெற்றி. எதிராளிக்கு எடுக்கக் கார்டே இல்லாமல் போனாலும் வெற்றிதான். அந்த வழியில் போக யாருக்கும் பொறுமை கிடையாது. பல்லக்காவுக்கு இருந்தது. சுவர்களாகச் சேர்த்து ஒரு கோட்டை டெக் கட்டினாள். அவள் யாரையும் அடிக்க மாட்டாள். சுவருக்கு மேல் சுவராக எழுப்பிவிட்டு, எதிராளியின் கார்டு தீரும்வரை உட்கார்ந்திருப்பாள். பல்லக்காவோடு ஆட்டம் என்று வந்துவிட்டால், வீட்டுக்குப் போன் பண்ணித் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு உட்காருவார்கள். அவளுடைய கோட்டைக்கே உயிராக இருந்தது 'வடக்கு வாசல்' என்ற கார்டு. வேறு ஒரு சுவராவது நிற்கும்வரை அந்த வாசலைத் தாண்டி யாரும் உள்ளே வர முடியாது. அந்தக் கார்டை மட்டும் தனி உறையில் வைத்திருந்தாள்.

அவளுடைய நாத்தனார், கணவரின் தங்கை, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள். புருஷன் வீட்டை விட்டு வெளியேறி, ஒரு பெட்டியோடு இவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அண்ணியும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் மிகுந்த மரியாதையோடு தவிர்த்து வந்தார்கள். ஒருத்தி சமையலறைக்குள் வந்தால் மற்றவளுக்கு மொட்டை மாடியில் வேலை இருக்கும். ஒரு நாள் மழையில் மொட்டை மாடிக்குப் போக வழியில்லாமல், நாத்தனார் சாப்பாட்டு மேஜையில் பரப்பியிருந்த கார்டுகளைப் பார்த்து, "இது என்ன அண்ணி?" என்று கேட்டாள். மழை நிற்பதற்குள் விதிகளைக் கற்றுக்கொண்டாள். அவள் கட்டியது ஓநாய் டெக். ஊசி போடுகிற வேகம் அதில் இருந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் சட்டென்று முடிந்துவிடும். அதன்பின் இருவரும் சேர்ந்தே கடைக்குப் போனார்கள். பேச ஒரு பொருள் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

இந்த விளையாட்டை வெளியிடுகிறவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை புதுக் கார்டுகளாக ஒரு செட் கொண்டுவருவார்கள். அது வந்ததும் பழைய டெக்குகளில் பாதி செத்துப்போகும்.

"அடுத்த வாரம் புது செட் வருதுங்க" என்றாள் பல்லக்கா.

அலுவலக வேன் ஓட்டும் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "யாருக்கு? மேல் பல்லா, கீழ் பல்லா?"

அந்தச் செட்டில் கரையான் வந்தது. கரையான் கார்டைக் கீழே வைத்தால், அது முறைக்கு ஒரு சுவரைத் தின்னும். தின்னத் தின்னப் பெருகும். கடையில் அதைப் பார்த்த எல்லோரும் முதலில் கார்டைப் பார்த்தார்கள், பிறகு பல்லக்காவைப் பார்த்தார்கள். அந்தச் சனிக்கிழமைப் போட்டியில் கூரியர்காரர் கரையானை வைத்தபோது, "தப்பா நினைக்காதீங்கக்கா" என்று சொல்லித்தான் வைத்தார். கோட்டை மண்ணோடு மண்ணானது. நீண்ட ஆட்டங்களுக்கே பெயர்போன பல்லக்கா, டீ ஆறுவதற்குள் எழுந்துவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து துக்கம் விசாரித்தார்கள்.

"எப்ப ஆச்சு?"

"இப்பத்தான். முதல் ரவுண்டுல."

"நல்லா இருந்த டெக்கு" என்றார் மருந்துக்கடைக்காரர், தலையை ஆட்டியபடி. அவர் சட்டைப் பையிலும் கரையான்கள் இருந்தன.

எந்த நோயாளியும் செய்வதைத்தான் பல்லக்காவும் முதலில் செய்தாள்: ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டாள். அடுத்த வாரமும் தோற்றாள். பிறகு கரையானைத் தின்ன எறும்புத்தின்னிகளைச் சேர்த்தாள். எறும்புத்தின்னி கையில் வரும் நாளில் கரையான் வரவில்லை. கரையான் வரும் நாளில் எறும்புத்தின்னி டெக்கின் அடியில் தூங்கியது. விஷம் சேர்த்தாள், நெருப்பு சேர்த்தாள். ஒவ்வொன்றுக்கும் இடம் வேண்டி ஒவ்வொரு சுவராக எடுத்தாள். வடக்கு வாசலை மட்டும் தொடவில்லை.

அந்த வாரம் பல்லக்கா வேலை செய்யும் பல் ஆய்வகத்துக்கு ஒரு பழைய பல் செட் திரும்பி வந்தது. ஈறு சுருங்கிப்போனதால் ஆடுகிறதாம். பசை மேல் பசையாகப் பூசிப் பார்த்திருக்கிறார்கள். பல்லக்கா பசையைச் சுரண்டி எறிந்து, உள்பக்கத்தைக் கடைந்து, ஈறு இப்போது இருக்கிறபடி புதிதாக அடித்தளம் போட்டுக் கொடுத்தாள். பொருத்தமாக உட்கார்ந்தது. இதிலிருந்து அவள் எந்தப் பாடமும் கற்றுக்கொள்ளவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் டெக்கில் இன்னொரு எறும்புத்தின்னியைச் சேர்த்தாள்.

நாத்தனார் அந்த டெக்கோடு ஆடிப் பார்த்துவிட்டுக் கார்டுகளைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, இது கோட்டையே இல்ல. கரையானுக்குப் பயந்து பூட்டி வச்ச வீடு. வடக்கு வாசல எடுங்க."

"அது மட்டும் முடியாது."

"அது நிக்கணும்னா பக்கத்துல சுவர் நிக்கணும். சுவர்தான் நிக்கலையே. ஆகாத ஒண்ண எத்தன நாள் பிடிச்சுக்கிட்டு இருப்பீங்க?"

"பாதியில விட்டுட்டு வர்றது உனக்குச் சுலபமா வரும். எனக்கு வராது" என்றாள் பல்லக்கா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது. நாத்தனார் தன் ஓநாய்களை அடுக்கிப் பெட்டியில் வைத்து, மூடி, எழுந்து போனாள். மறுநாளிலிருந்து மொட்டை மாடியில் மறுபடியும் நிறைய வேலை வந்தது. கணவர் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, உப்பு எங்கே என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுச் சாப்பிட்டார்.

பல்லக்காவுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. ஒருவருக்கு இடது பல்லை வலதில் வைத்துவிட்டு, நல்லவேளையாக மெழுகிலேயே கண்டுபிடித்தாள். அன்று ஆஸ்பத்திரி ஷிப்ட் முடியும் நேரத்துக்கு அவளே போய் வாசலில் நின்றாள். நாத்தனார் வெளியே வந்து, அண்ணியைப் பார்த்ததும், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. நான் சொன்னது தப்பு."

"எது? வடக்கு வாசல எடுக்க முடியாதுன்னு சொன்னதா?"

"அதுவும்தான்."

இருவரும் பேருந்து நிறுத்தம்வரை நடந்தார்கள். "சுலபமா இல்ல அண்ணி" என்றாள் நாத்தனார். "ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டுவேன். அவர் வர்றதுக்குள்ள அவுத்துத் துணிய மடிச்சு வச்சுருவேன். அந்த வீட்டுல துணி மடிக்கிறதுல என்னை மிஞ்ச ஆளில்ல." பல்லக்கா அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேருந்து வந்தது, ஏறினார்கள்.

அன்று இரவு வீட்டில், வடக்கு வாசல் டெக்கை விட்டு வெளியே வந்தது. நல்ல சுவர்கள் எல்லாம் போய்விட, மிஞ்சிய குட்டைச் சுவர்களை வைத்து ஆடினார்கள். நாத்தனாரின் கரையான்கள் அவற்றை ஒவ்வொன்றாகத் தின்றன. தின்ற கார்டுகள் பல்லக்காவின் பக்கத்தில் குவிந்தன.

"உங்ககிட்ட இருக்கறதிலேயே பெருசு உங்க குப்பைதான் அண்ணி" என்றாள் நாத்தனார்.

பல்லக்கா அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கடையில், யாரும் சீந்தாத கார்டுகளைப் போட்டு வைத்திருக்கும் பெட்டிக்குள் கையை விட்டு 'மண் மனிதன்' கார்டைத் தேடி எடுத்தாள். விழுந்த சுவர்கள் எத்தனையோ அத்தனை பலம் அவனுக்கு. சுவர் விழாத காலத்தில் அவனால் யாருக்கும் பயனில்லை. இப்போது அவனுக்குச் சோறு போட ஊரெல்லாம் கரையான் இருந்தது.

பக்கத்து ஊர்க்காரர்களும் வரும் பெரிய போட்டி அந்த மாதம் நடந்தது. முதல் ஆட்டமே கூரியர்காரரோடு. அவர் வழக்கம்போல் மன்னிப்புக் கேட்டுக் கரையானை வைத்தார். "நல்லா சாப்பிடட்டும்" என்றாள் பல்லக்கா. அவர் குட்டைச் சுவர்களை எல்லாம் தின்று முடித்து நிமிர்ந்தபோது மண் மனிதன் எழுந்து நின்றான். இத்தனை நாளில் பல்லக்கா ஒருமுறைகூட யாரையும் அடித்ததில்லை.

"இப்ப என்ன பண்ணணும்? வாயால சொல்லணுமா?"

"ஆமாக்கா. அடிக்கிறேன்னு சொல்லணும்."

"சரி, அடிக்கிறேன். தப்பா நினைக்காதீங்க."

அப்படியே வரிசையாக அடித்துக்கொண்டு போய் அரையிறுதிக்கு வந்தாள். எதிரே நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். பல்லக்கா குட்டைச் சுவர்களை எழுப்பிவிட்டுக் கரையானுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. இன்னும் காத்திருந்தாள்.

"எங்கடி கரையான்?"

"வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன் அண்ணி."

பல்லக்காவின் டெக்கைத் தவிர, அந்தக் கடையிலேயே கரையான் இல்லாத ஒரே டெக் அதுதான். சுவர் ஒன்றும் விழவில்லை. மண் மனிதன் சோற்றுக்கு வழியில்லாமல் நின்றான். ஓநாய்கள் குட்டைச் சுவர்களைத் தாண்டிக் குதித்து வந்தன. உயரமான பழைய சுவர்களாக இருந்திருந்தால் அவற்றால் தாண்ட முடிந்திருக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

"எனக்கு வருத்தமா இருக்கு அண்ணி" என்றாள் நாத்தனார், கடைசி ஓநாயைத் திருப்பி வைத்து.

"உனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"ஆமா, இல்ல."

இறுதி ஆட்டத்தில் நாத்தனார் மருந்துக்கடைக்காரரிடம் தோற்றாள். பல்லக்கா பின்னால் நின்று பார்த்தாள். அவளுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது, கொஞ்ச நேரம். கீழே வேனில் தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பினார்கள். "யாரு ஜெயிச்சீங்க?" என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர் என்றதும், "அவரு நம்ம வீட்டு ஆளே இல்லையே" என்றபடி வண்டியைக் கிளப்பினார்.

அதற்குப் பிறகு கடையில் பாதிப் பேர் மண் மனிதனைத் தேடி அலைந்தார்கள். பல்லக்காவைப் பார்த்து டெக் கட்டியவர்கள் அவளையே அந்த டெக்கால் தோற்கடித்தார்கள். நாத்தனார் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்று சொன்னார்கள். பல்லக்கா மட்டும் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். வாரத்தில் பாதி நாள் நாத்தனார் இங்கேதான் சாப்பிட்டாள் என்பதால் பெரிய மாற்றமில்லை.

அடுத்த செட்டின் கார்டுகளைப் படம் போட்டு அறிவித்த அன்று, நாத்தனார் வேலை நேரத்திலேயே போன் செய்தாள். புதிதாக ஒரு புயல் கார்டு வருகிறது. அது விழுந்து கிடக்கும் கார்டுகளை எல்லாம் ஒரே வீச்சில் வாரிக்கொண்டு போய்விடும்.

"பாத்தீங்களா அண்ணி?"

"பாத்தேன்."

"என்ன பண்ணப் போறீங்க?"

"முதல்ல நல்லா திட்டப் போறேன். நீ வந்தா சேர்ந்தே திட்டலாம்."

"ஒருத்தருக்கு ரத்தம் எடுக்கணும். எடுத்துட்டு வரேன்" என்று நாத்தனார் போனை வைத்தாள்.