மேயருக்கு எழுதிய ஆறாம் பத்தி

‘துமலாக், பசிலிசா. துப்புரவுப் பணியாளர், தற்காலிகம். கடமை: நகராட்சி மண்டபத்தையும் அதன் படிகளையும் நாள்தோறும் கூட்டிச் சுத்தமாக வைத்திருத்தல்.’

ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் இந்த ஆணையில் இருபத்திரண்டு வருடங்களாக ஓர் எழுத்து மாறவில்லை. அத்தனை வருடத்தில் பசிலிசா துடைப்பத்தைத் தொட்டு நாங்கள் யாரும் பார்த்ததும் இல்லை. எங்கள் சான் எலிசியோவின் மேயர் ஒனோராத்தா பெனியாஃப்லோர் மேடையில் பேசியதெல்லாம் அவள் எழுதியது. பேச்சு எழுத நகராட்சியில் பதவி கிடையாது, கூட்டுவதற்கு இருந்தது. அப்படியானால் கூட்டியது யார்? தட்டச்சராக நியமிக்கப்பட்ட எரஸ்தோ. அலுவலகம் ஒழுங்காகத்தான் நடந்தது.

மேயர் இறந்ததும், அஞ்சலி உரை எழுதும் வேலை இயல்பாகத் துப்புரவுப் பணியாளருக்கு வந்தது.

பெனியாஃப்லோர் குடும்பத்தின் பெருமையை எழுதுவது சுலபம். தாத்தா சிலையாக நிற்கிறார், அப்பா சந்தையாக இருக்கிறார், அம்மா கூடைப்பந்து மைதானம். நிழற்குடைகளில் எல்லாம் குடும்பத்தின் முதலெழுத்து. ஊரில் அவர்கள் பெயர் வைக்காதது ஆறு ஒன்றுதான். அதைப் பெயர் வைக்காமலே எடுத்துக்கொண்டார்கள். மேயரின் தம்பி ரூஃபோ லாரி லாரியாக மணல் அள்ளினார். கரை இடிந்து பதினொரு வீடுகள் போயின. அடுத்து விழவிருந்த பன்னிரண்டாவது வீடு பசிலிசாவுடையது.

அப்போதுதான் மேயர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை லாரிப் பாதையின் நடுவில் போட்டு உட்கார்ந்தார். நான்கு நாள் எழுந்திருக்கவில்லை. தடை ஆணையில் கையெழுத்திட்டதும் அங்கேயேதான். ரூஃபோ ஆறு வருடம் அக்கா வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வரவில்லை.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் மேயர் சொன்னார்: “லிசா, என் அஞ்சலியில என்ன பொய் வேணா எழுதிக்கோ. அந்த நாற்காலியை மட்டும் உள்ளபடி எழுது.”

“எழுதறேன், மேயர்.”

எழுதினாள். ஆறாவது பத்தி. ஆனால் அதைப் படிக்கப்போகிறவர் ரூஃபோ. அவர் துணை மேயர். ஊரே அவரை ‘வைஸ்’ என்றுதான் கூப்பிடும்.

“ஆறாவது பத்தி எதுக்கு?”

“நடந்தது, வைஸ்.”

“நடந்ததையெல்லாம் எழுதணுமா? அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆத்தைக் காப்பாத்தினாங்கன்னு போடு.”

“ஒரு நாற்காலியில ரெண்டு பேர் உக்கார முடியாதே, வைஸ்.”

“அப்ப நாற்காலியை எடுத்துடு.”

இரண்டாவது வரைவில் நாற்காலியை மூன்றாம் பத்திக்கு நகர்த்தினாள். கண்டுபிடித்துவிட்டார். மூன்றாவது முறை கடைசி ஜெபத்துக்குள் ஒளித்தாள், வைஸ் ஜெபம் வரைக்கும் போகமாட்டார் என்ற நம்பிக்கையில். அவர் மகள் ஜெபம்வரை படித்துவிட்டாள்.

“லிசா, நீ என்ன பதவியில இருக்கேன்னு ஞாபகம் இருக்கா?” என்றார் வைஸ், காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தபடி.

“துப்புரவு, வைஸ்.”

“மறக்காம இருந்தாச் சரி.”

மேயரின் சவப்பெட்டி மூன்று நாளாக நகராட்சி மண்டபத்தில் இருந்தது. பெட்டி உள்ளே இருக்கும்வரை எங்கள் பக்கம் யாரும் துடைப்பம் எடுப்பதில்லை. எடுத்தால் இறந்தவர் குடும்பத்தில் ஒவ்வொருவராகச் சாவு கூட்டிக்கொண்டு போய்விடுமாம். வேர்க்கடலைத் தோல், மிட்டாய்க் காகிதம், இரவு கண்விழிக்கச் சீட்டு விளையாடியவர்கள் விட்டுப்போன கோப்பைகள் எல்லாம் அப்படியே கிடந்தன. மூன்றாம் நாள் புதிதாக ஒன்றும் சேர்ந்தது: ஈர மணல். முந்தின நாளே வைஸின் லாரிகள் ஆற்றில் மறுபடி இறங்கிவிட்டன. ஓட்டுநர்கள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நேராக வந்து மரியாதை செலுத்தியிருந்தார்கள்.

காலையில் வைஸ் உரையைப் படிக்கத் தொடங்கினார். “நானும் என் அக்காவும் தோளோடு தோள் நின்று இந்த ஆற்றை…”

பசிலிசா எழுந்து பின்பக்கம் போனாள்.

“எரஸ்தோ, துடைப்பத்தைக் குடு.”

“அக்கா! பெட்டி உள்ள இருக்கு!”

“தெரியும்.”

“ஒரு குடும்பமே போயிடும், அக்கா!”

“என் ஆர்டர்ல பெட்டியைப் பத்தி ஒண்ணும் போடலையே. குடு.”

முதல் இழுப்புச் சத்தம் கேட்டதுமே முன்வரிசையில் இருந்த பெனியாஃப்லோர்கள் பதினேழு பேரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். வைஸ் வாக்கியத்தின் பாதியில் நின்றார்.

“என்ன பண்றே, லிசா?”

“நீங்கதானே ஞாபகப்படுத்துனீங்க, வைஸ்.”

பின்வரிசையில் மீன்காரி ஒருத்தி சத்தமாகவே கேட்டாள்: “மண்டபத்துக்குள்ள இவ்ளோ மணல் ஏதுடீ?” எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

காலை பத்து இருபதுக்குப் பசிலிசா துமலாக் நகராட்சி மண்டபத்தைப் பெட்டியின் அடியிலிருந்து வாசல்வரை கூட்டி, மணலைப் படிகளுக்குக் கீழே தள்ளினாள்.