பிரபா இறைத்துக் கொட்டிய தண்ணீர்

என் மகள் பிரபாவுக்கு முப்பத்திரண்டு வயது. அல்சூர் ஏரிக்குப் பின்னால் இருக்கும் சந்தில், ஒரே ரூம் வீட்டில் பிறந்து அங்கேயே வளர்ந்தவள். ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தாள். அவள் ஊசி குத்தினால் பிள்ளைகள்கூட அழாது, அவ்வளவு மெத்தென்ற கை. எங்கள் வீட்டில் மேஜை ஃபேன் ஒன்று உண்டு. உகாதிக்குப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தால், மே மாத மழை வந்ததும் திரும்ப மேலே போய்விடும். டிசம்பரில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடும். பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி வைத்துத்தான் தலைக்கு எண்ணெய் வைப்பாள். வெயிலும் குளிரும் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவளைத்தான் போன வருஷம் பிப்ரவரியில் ராஜஸ்தானுக்கு ரயில் ஏற்றி அனுப்பினேன். மருமகன் கிஷோர் சோலார் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். பாலைவனத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடிப் பலகைகளாக நட்டு வைத்திருக்கிறார்களாம். அதைப் பார்த்துக்கொள்ள மூன்று வருஷம் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். என்னை அஜ்ஜி என்று கூப்பிடுகிற என் பேத்தி ரக்ஷாவுக்கு நாலு வயது. அவர்கள் போன ஊரின் பேர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை.

முதல் மாதம், "ஊட்டி மாதிரி இருக்கும்மா, விடியக்காலைல ரஜாய்ப் போர்வ இல்லாம படுக்க முடியல" என்று சிரித்தாள். நானும் நம்பினேன். மார்ச் முடிவதற்குள் எல்லாம் புரண்டுவிட்டது. அரைத்து வைத்த இட்லி மாவு மத்தியானத்துக்குள் புளித்துப் பொங்கி வழிந்தது. இங்கிருந்து தொட்டியோடு தூக்கிக்கொண்டு போன கறிவேப்பிலைச் செடி நாலே நாளில் கருகிக் குச்சியானது. கதவுத் தாழ்ப்பாளை வெறுங்கையால் தொட முடியாது. முந்தானையைச் சுற்றித்தான் திறக்க வேண்டும். குழாயில் பத்து மணிக்கே கொதிக்கிற தண்ணீர் வரும், அதுவும் உப்பு. சோறு வாயில் வைத்தால் மண் நறநறக்கும். ரக்ஷாவுக்கு இரண்டு முறை மூக்கிலிருந்து ரத்தம் வந்தது.

எனக்குப் படிக்க வராது. பக்கத்து வீட்டு பியாட்ரிஸ்தான் தினமும் தன் செல்லில் பார்த்து அந்த ஊர் வெயிலைச் சொல்லுவாள். "நாப்பத்தாறு போட்டிருக்கு ஆன்ட்டி. உங்க பொண்ணுக்கு கேஸே வேணாம், முட்டைய மாடில வெச்சா ஆம்லெட்டு" என்பாள். அவள் வாய்க்கு ஒரு அடி வைக்கலாம் போலிருக்கும். ஆனாலும் மறுநாளும் அவளைத்தான் கேட்பேன்.

பிரபா குடியிருக்கிற வீட்டு முற்றத்தில், தரைக்குக் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒன்றரை ஆள் ஆழம், வாய் மட்டும் குறுகல், மேலே இரும்பு மூடி, அதற்கு ஒரு பூட்டு. குடித்தனம் போன அன்று, அடுத்த வீட்டிலேயே இருக்கும் வீட்டுக்கார அம்மா தாபு, சிவப்புக் கயிற்றில் கட்டிய சாவியை இரண்டு கையாலும் கொடுத்தாளாம். குழந்தைகள் விழுந்துவிடாமல் இருக்கத்தான் பூட்டு என்று பிரபா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மே மாதம் அங்கே ஊருக்குத் தண்ணீர் வருகிற கால்வாயை அடைத்துப் பழுது பார்ப்பார்களாம். அத்தனை நாளும் குழாயில் சொட்டு வராது, லாரித் தண்ணீர்தான். சனிக்கிழமை லாரி வரும் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பிரபா போனில் அதைச் சொன்னாள்.

"தொட்டில இப்ப எவ்ளோ இருக்கு?" என்று கேட்டேன்.

"முழங்காலுக்கு மேல இருக்கும்மா. அடில கொஞ்சம் மண்ணு."

"அப்ப இன்னிக்கே எறைச்சுக் கொட்டிட்டு, எறங்கித் தேய்ச்சுக் கழுவிடு. புதுத் தண்ணிய பழைய தண்ணி மேல விடாத, புழு வெக்கும்."

"இங்க யாரும் அப்படிப் பண்றதில்லம்மா."

"யாரும் பண்ணலன்னா நீயும் பண்ண மாட்டியா? கொழந்த அதத்தானே குடிக்குது?"

எங்கள் சந்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காவேரித் தண்ணீர் வரும். வருகிற அன்று காலையில் எல்லா வீட்டிலும் டிரம்மைக் கவிழ்த்து, மிச்சத் தண்ணீரில் வாசலைக் கழுவிக் கோலம் போடுவோம். பழைய தண்ணீரை வைத்துக்கொண்டு புதுசைப் பிடிக்கிறவளைச் சோம்பேறி என்போம். அந்தப் பழக்கத்தில் சொன்னேன். அவளும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள்தானே, செய்தாள். அறுபது வாளி இறைத்து முற்றத்தில் கொட்டினாள். அடியில் நின்றதைக் குவளையால் மொண்டாள். பிறகு ஏணி போட்டு இறங்கிச் சுவரையெல்லாம் நாரால் தேய்த்தாள்.

முற்றம் ஈரமாக இருப்பதைப் பார்த்து தாபு ஓடி வந்தாள். தலையில் அடித்துக்கொண்டாளாம். "பைத்தியமே, தொட்டித் தண்ணியவா கொட்டின? ஊர் உசிரையில்ல கொட்டிட்ட! இனிமே என் தொட்டிப் பக்கம் கால வெச்ச, பாரு" என்று தெரு கேட்கக் கத்தினாள். நான்கு வீட்டுப் பெண்கள் வந்து அந்த ஈர மண்ணைச் சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்று பார்த்தார்கள்.

"விடு, நாளைக்கு லாரி வந்தா வாய மூடிக்குவா" என்றேன் நான்.

சனிக்கிழமை மத்தியானம் லாரிக்குப் பதில் மணல்காற்று வந்தது. வானம் செங்கல் நிறமாகி, பகலிலேயே விளக்குப் போட்டார்களாம். ரோட்டில் இடுப்பளவு மணல். கிஷோர் வேலை செய்கிற இடத்திலேயே மாட்டிக்கொண்டார். போன் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தபோது கேட்டேன்: "தண்ணி இருக்கா?"

"இருக்கும்மா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமையும் கேட்டேன். "இருக்கு, இருக்கு" என்றாள். இங்கே அன்றைக்கு அப்படி ஒரு மழை. சந்துத் தண்ணீர் வாசற்படி ஏறி வீட்டுக்குள் வந்தது. நானும் பியாட்ரிஸும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முறத்தால் வாரி வாரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை போனை எடுத்தது ரக்ஷா. "அஜ்ஜி, வாய் ஒட்டுது" என்றாள். அது குழந்தைக் குரலாகவே இல்லை.

"அம்மாகிட்ட குடு கண்ணு."

பிரபா வாங்கினாள்.

"கொழந்த ஒண்ணுக்குப் போச்சா?"

"நேத்து சாயந்திரத்துலேந்து போகல."

"தண்ணி?"

"எறைக்கறதுக்கு முன்ன கேன்ல புடிச்சு வெச்சது நேத்தே தீந்துடுச்சு. சொம்புல அடில கொஞ்சம் இருக்கு. குடுத்தா வாந்தி எடுக்குறா. ஒடம்பு அடுப்பு மாதிரி கொதிக்குது."

"இருக்கு இருக்குன்னியேடி!"

"இல்லன்னா நீ என்ன பண்ணுவ? அங்கேந்து ஊத்துவியா?"

"அந்தம்மாகிட்ட போய்க் கேளு" என்றேன்.

"கேக்க மாட்டேன். என் தொட்டிப் பக்கம் வராதன்னா. செத்தாலும் அவ வாசல்ல போய் நிக்க மாட்டேன்."

அந்தப் பிடிவாதம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வாழ்நாளில் நானும் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. தப்பு என்று ஒருத்தரிடமும் சொன்னதும் இல்லை.

"நீ கேக்க வேணாம். போன அவ கைல குடு. நான் பேசறேன்."

"உனக்கு அவ பாஷ தெரியுமா?"

"குடுடி!"

மார்க்கெட்டில் கீரை விற்ற முப்பது வருஷத்தில் பாய் கடைக்காரர்களிடம் கற்ற பேச்சு என்னிடம் உண்டு. காற்று இரைச்சல் கேட்டது, கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல் அதட்டியது. நான் சொன்னேன்: "கல்தி மேரிச் ஹை மா. பச்சீகு பானி தேவ்." தப்பு என்னுடையதுதான் தாயே, குழந்தைக்குத் தண்ணீர் கொடு என்று. அதையே எத்தனை முறை சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. சொல்லி நிறுத்தியபோது பியாட்ரிஸ் என் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள், எதிர்ப்பக்கம் யாருமே இல்லை. போனைக் கீழே போட்டுவிட்டு தாபு சாவி எடுக்க ஓடியிருக்கிறாள்.

இரண்டு குடம் கொண்டுவந்து வைத்தாளாம். குழந்தை மேல் ஈரத் துணியைச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே பிரபாவைத் திட்டினாள். "தொட்டிய வீணாக்கினதுக்குத் திட்டினேன். தண்ணி கேட்டா எவ இல்லன்னு சொல்லுவா இந்த ஊர்ல? மூணு நாள் கேக்காம இருந்தியே, நீ ஒரு தாயா?" அவள் புருஷன் டிராக்டரை எடுத்தான். மணலில் இரண்டு முறை இறங்கித் தள்ளி, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரக்ஷாவின் கையில் நரம்பே கிடைக்கவில்லை. நர்ஸ் மூன்று முறை குத்தித் தவறவிட்ட பிறகு, பிரபா அந்த ஊசியை வாங்கித் தன் பெண்ணுக்குத் தானே குத்தினாள். நாலு பாட்டில் ஏறிய பிறகுதான் குழந்தை கண்ணைத் திறந்தது.

அதற்குப் பிறகு பதினோரு நாள் பிரபா என்னோடு பேசவில்லை. பேசியபோது, "வந்துடுடி" என்று அழுதேன்.

"எங்கம்மா வர்றது? லேப்ல என் எடத்துல வேற ஆள் வந்துட்டா. இவரால மூணு வருஷம் முடியாம கெளம்ப முடியாது" என்றாள். முன்பெல்லாம் ரசத்துக்கு எவ்வளவு புளி என்பதற்குக்கூடப் போன் போடுவாள். இப்போது எதையும் என்னிடம் கேட்பதில்லை. தொட்டிச் சாவியைத் தாலிச் சரட்டில் கோத்துப் போட்டிருக்கிறாளாம், ரக்ஷா சொன்னாள்.

இதோ, மறுபடி மே மாதம். மறுபடி கால்வாயை அடைத்துவிட்டார்கள். லாரி போன வாரமும் வரவில்லை. நான் தினமும் கூப்பிடுகிறேன். அவள் "இருக்கும்மா" என்கிறாள். அந்த வார்த்தையை நான் இனி எப்படி நம்புவது?

"வாயால சொல்லாத. மூடியத் தொற. வாளிய விடு. எனக்குச் சத்தம் கேக்கணும்" என்பேன்.

"உன்னோட பெரிய தொல்லம்மா" என்பாள். ஆனாலும் பூட்டைத் திறப்பாள். போனைத் தொட்டி வாயில் பிடித்துக்கொண்டு ரக்ஷா எண்ணுவாள். போன மாதம் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்பதற்குள் வாளி தண்ணீரைத் தொடுகிற சத்தம் கேட்டுவிடும். முந்தாநாள் ஆறு வரைக்கும் எண்ணினாள். நேற்று கயிறு உரசிக்கொண்டே போயிற்று, அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள், "எட்டு, அஜ்ஜி... ஒம்பது..." நான் செல்லைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்தில் வாளி டொக்கென்று சிமெண்டில் இடித்தது.

இன்றைக்குக் காலையிலிருந்து போன் கிடைக்கவில்லை.