மயங்கி விழுந்த பக்தர்

என் பெரியம்மா முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவள். கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், வருகிற புண்ணைக் கழுவி, சீழை எடுத்து, துணி வைத்துக் கட்டுவதுதான் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் கட்டக்கா. அழுகிற ஆளைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "வலிக்கிறவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பான். கூட வந்தவன்தான் ஊரைக் கூட்டுவான்" என்பாள்.

ஓய்வு பெற்ற இரண்டாவது மாதம் தியேட்டர் முதலாளி வீடு தேடி வந்தார். ராஜாவுக்கு முன்னால் மண்டியிட மறுத்த ஒரு மகானைத் தூணில் கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கிற பக்திப் படம் வந்திருந்தது. வேறு ஊர்களில் பார்க்கிறவர்கள் மயங்கி விழுகிறார்களாம். முதலுதவிக்கு ஆள் வேண்டுமாம்.

"மயக்கம் வர்ற படத்தை ஏன் போடுறீங்க?" என்று பெரியம்மா கேட்டாள்.

"மயக்கம் வர்றதாலதாம்மா போடுறோம்."

அந்த மனிதர் வாயிலிருந்து அவள் கேட்ட ஒரே உண்மை அதுதான். அதற்காகவே ஒப்புக்கொண்டாள்.

தியேட்டர் வாசலில் வாடகைக்கு எடுத்த பழைய ஆம்புலன்ஸ் ஒன்று நின்றது. காலையிலிருந்து கடைசி ஆட்டம்வரை அதன் சிவப்பு விளக்கு சுழன்றுகொண்டே இருக்கும். பக்கத்தில், இதய நோயாளிகள் பார்க்க வேண்டாம் என்று ஒரு பலகை. அந்தப் பலகையைப் படித்துவிட்டு இதய நோயாளிகளே சாரிசாரியாக வந்தார்கள்.

பெரியம்மாவுக்குக் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி. முதல் நாளே அடிகளை எண்ணிவிட்டாள். அறுபத்தொன்று. வீட்டுக்கு வந்து எங்களிடம் சொன்னாள்: "இருபது அடிக்கு மேல எவனுக்கும் நெனவு இருக்காது. இவரு அறுபத்தொண்ணு வாங்கிட்டும் வசனம் பேசுறாரு. மூணு நாள் கழிச்சுக் காட்டுறப்பவும் ரத்தம் செவசெவன்னு மின்னுது. சீழ் இல்ல, ஒரு ஈ இல்ல. புண்ணைக் கண்ணால பார்க்காதவன் எடுத்த படம்."

படத்தைவிட, பார்க்க வந்தவர்களைக் கண்டுதான் அவளுக்கு அதிகம் குமட்டியது. முதல் சவுக்கடிக்குச் சோளப்பொரிப் பொட்டலத்தில் இருந்த கைகள் அப்படியே நிற்கும். பதினைந்தாவது அடிக்குள் கை மறுபடி பொட்டலத்துக்குள் போய்விடும். ஒரு கை கண்ணைத் துடைக்க, ஒரு கை வாய்க்குப் போக. ஒருத்தி தன் முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்து அழுதாள். கண்ணீர் சரியாக விழவில்லை போலிருக்கிறது. அடுத்த அடிக்காகக் காத்திருந்து மறுபடி அழுதாள். மயங்கி விழுந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கம்பளம் விரித்த நடைபாதையாகப் பார்த்து விழுந்தார்கள். படியில் ஒருவர்கூட விழவில்லை.

ஒரு தாய் நாலு வயதுப் பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திரைப்பக்கம் திருப்பி, "பாரு, உனக்காக எவ்வளவு பட்டிருக்காரு பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிட்டது. வெளியே கூட்டிப் போகச் சொன்ன பெரியம்மாவிடம், "பக்தி இல்லாதவங்களை யாரு இங்க வேலைக்கு வெச்சது?" என்று சண்டைக்கு வந்தாள்.

அடி எல்லாம் முடிந்த பிறகு மகான் ஏழு நிமிஷம் பேசுவார். தன்னை அடித்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். எளியவர்கள்மேல் கை ஓங்காதீர்கள் என்பார். அவர் வாயைத் திறந்ததுமே நாற்காலிகள் படபடவென்று மடங்கும். வண்டி நிறுத்துமிடத்தில் நெரிசலுக்கு முன்னால் போக வேண்டுமே. முழுப் பேச்சையும் கேட்டவர்கள் பெரியம்மாவும் கூட்டிப் பெருக்குகிற அம்மாவும்தான்.

என் அம்மா அந்தப் படத்தை நாலு தடவை பார்த்தாள். படுக்கையில் கிடந்த சொந்த மாமனாரின் கால் புண்ணை ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்க்காதவள் அவள். நாற்றம் தாங்க முடியவில்லை என்று தன் அக்காவைக் கூப்பிட்டுக் கழுவச் சொன்னவள்.

நாலாவது வாரம், ஒரு மதிய ஆட்டம். டைல்ஸ் கடைக்காரர் ஒருவர் தன் பிரார்த்தனைக் குழுவிலிருந்து நாற்பது பேரைக் கூட்டி வந்திருந்தார். ஆள் ஆறடி. முப்பத்தேழாவது அடிக்கு எழுந்து நின்று ஏதோ கத்தினார், அப்படியே மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தார். நிஜ மயக்கம். பெரியம்மாவும் இன்னும் இரண்டு பேரும் தூக்கி வந்து வெளி நடையில் பெஞ்சில் கிடத்தினார்கள். அவர் மனைவி அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

பெரியம்மாவுக்கு முகங்கள் நினைவில் நிற்காது, புண்கள் நிற்கும். அந்தப் பெண்ணின் இடது மணிக்கட்டுக்கு மேலே கோணலாக ஒரு தையல் தழும்பு. அதைப் பார்த்ததும் எல்லாம் வந்துவிட்டது. முந்தின வருஷம் இரண்டு தடவை வந்தவள். முதலில் கை. அப்புறம் முதுகு: ஏழு பெல்ட் வரிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் பக்கிள் பதிந்த தடம். இரண்டு தடவையும் இதே ஆறடி மனிதர் வாசலை அடைத்துக்கொண்டு நின்று அவளுக்குப் பதிலாகப் பேசினார். "படிக்கட்டுல விழுந்துட்டா." பெரியம்மாவும் பதிவேட்டில் படிக்கட்டு என்றே எழுதினாள். பொய் என்று தெரிந்தேதான் எழுதினாள்.

அவர் கண்ணைத் திறந்தார். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "எப்படிம்மா அவனுங்களுக்கு மனசு வந்துச்சு? ஒரு உசுரோட முதுகை இப்படியா கிழிப்பாங்க?"

"யாரும் கிழிக்கலைங்க" என்றாள் பெரியம்மா. "மகான் படிக்கட்டுல விழுந்துட்டாரு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மூக்கு வழியாக வந்த சின்னச் சத்தம், அவ்வளவுதான். அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் அப்படியே இருந்தது, பார்வை மட்டும் மாறிவிட்டது. அந்தப் பார்வையைப் பெரியம்மா கண்டுகொண்டாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "நாக்கு என்னுது, முதுகு அவளுது. அது எனக்கு அப்புறந்தான் ஒறைச்சுது."

உடனே அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். முகத்தை ஆஸ்பத்திரி முகமாக மாற்றிக்கொண்டாள். "துடிப்பு சரியில்ல. தலையிலயும் அடி பட்டிருக்கு. நாளைக்குக் காலைல வரைக்கும் ஆஸ்பத்திரியில இருந்தாகணும்." தன்கீழ் வேலை பழகிய ஒரு நர்ஸுக்குப் போன் போட்டாள். "ஒருத்தரை அனுப்புறேன். விடியற வரைக்கும் கட்டிலை விட்டு எறக்காதே."

தகவல் கேட்டு ஓடி வந்த முதலாளியின் முகத்தில் கல்யாணக் களை. ஆனால் ஆம்புலன்ஸ் கிளம்பவில்லை. நாலு வாரமாக விளக்கைச் சுற்றவிட்டே பேட்டரி செத்துப் போயிருந்தது. கடைசியில் நாற்பது பக்தர்களும் சேர்ந்து தள்ளினார்கள். பாதிப் பேர் ஒரு கையால் தள்ளிக்கொண்டே மறு கையால் படம் எடுத்தார்கள்.

"அவளும் ஏறட்டும்" என்றார் உள்ளே படுத்திருந்தவர்.

"எடமில்ல. நீங்க பேசக் கூடாது" என்று பெரியம்மா கதவைச் சாத்தினாள்.

வண்டி தெருமுனை திரும்பியதும் அந்தப் பெண்ணிடம் கேட்டாள். "காலைல வரைக்கும் நேரம் இருக்கும்மா. போறதுக்கு எடம் இருக்கா?"

"அண்ணன் இருக்கான். போன தடவை போனப்ப அவனே கொண்டுவந்து விட்டுட்டான்."

"வேற?"

அவள் செருப்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி துணி தைக்கிற கம்பெனில கூட வேலை பார்த்தவ ஒருத்தி இருக்கா. வேற ஊர்ல."

"நம்பர் இருக்கா?"

"எழுதி வெச்சுக்கலை. மனப்பாடம்."

பெரியம்மாவின் போனிலிருந்தே பேசினாள். அந்தத் தோழி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, எந்தப் பஸ் என்று மட்டும் கேட்டாள். இவள் கையில் இன்னும் பிடித்திருந்த செருப்பைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு, கைப்பையோடு நாலரை மணிப் பஸ்ஸில் ஏறினாள்.

மறுநாள் டைல்ஸ் கடைக்காரர் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் தியேட்டரில் வந்து ஆடித் தீர்த்தார். முதலாளி பெரியம்மாவை வேலையைவிட்டு நிறுத்தினார். ஆனால் பக்தர்கள் ஆம்புலன்ஸ் தள்ளும் படத்தைப் பெரிய போஸ்டராக அடித்து ஒட்டினார். படம் இன்னும் ஐந்து வாரம் ஓடியது. கடைக்காரரும் சும்மா இல்லை. ஒவ்வொரு பிரார்த்தனைக் கூட்டமாகப் போய், தான் விழுந்து எழுந்த கதையைச் சொல்லி அழுதார். தனக்குள் இறங்கிய ஒளியைத் தாங்க முடியாமல் மனைவி ஓடிவிட்டாள் என்று சொல்லி இன்னும் கொஞ்சம் அழுதார். கேட்டவர்களும் அழுதார்கள். என் அம்மா வீட்டுக்கு வந்து, "பாவம், எளகின மனசு" என்றாள். பெரியம்மா அந்த ஏழு பெல்ட் வரிகளையும் எடுத்துச் சொன்னாள். "எந்த வீட்டுலதான் இல்ல?" என்றாள் அம்மா. அன்றோடு பெரியம்மா எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டாள்.

அந்தப் பெண் போட்ட விவாகரத்து வழக்கு வந்தது. பெரியம்மா சாட்சிக் கூண்டில் ஏறினாள். பதிவேட்டில் பொய் எழுதியது தான்தான் என்று ஒப்புக்கொண்டாள். "விழுந்த காயம் இல்லேன்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?" என்று கடைக்காரரின் வக்கீல் மடக்கினார்.

"பக்கிள் வெச்ச படிக்கட்டை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லைங்க" என்றாள்.

பொய்ப் பதிவுக்காக ஆஸ்பத்திரி அவள்மேல் விசாரணை வைத்தது. போய் நின்றாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அது நியாயம்தான் என்றாள். விவாகரத்து கிடைக்க இரண்டு வருஷம் ஆனது. அந்தப் பெண் இப்போது அதே கம்பெனியில் துணி வெட்டும் மேசைக்கு மேற்பார்வை பார்க்கிறாள்.

கடைக்காரருக்கு மறுபடி பெண் பார்த்தார்கள். நிச்சயமான பிறகுதான் பெரியம்மாவுக்குத் தெரிந்தது. நேரே பெண்வீட்டுக்குப் போய் அப்பாக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். மாப்பிள்ளை கூட்டத்தில் அழுததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொல்லி, கதவு வரை வந்து அனுப்பிவைத்தார். பெண் மட்டும் தெருமுனை வரை பின்னாலேயே வந்து நம்பர் வாங்கிக்கொண்டாள்.

கல்யாணம் நடந்துவிட்டது. அவளிடமிருந்து இதுவரை போன் வரவில்லை. பெரியம்மா குளிக்கப் போனாலும் போனைக் குளியலறை வாசற்படியில் வைத்துவிட்டுத்தான் போகிறாள்.